கீவேட்டினூங்: 33 ஆயிரம் பேருக்கு ஏன் ஒரு தனித் தொகுதி?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோ மாநகரத்தின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இருக்கும் ஒருவரின் கேள்வி இதுதான்: "ஸ்காபரோவில் ஒரு மாகாணத் தொகுதிக்கு இலட்சம் பேருக்கு மேல். வடக்கே கீவேட்டினூங் என்ற தொகுதியில் 33 ஆயிரம் பேர்தானாம். அப்படியென்றால் என் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்குதான் மதிப்பா? அது எப்படிப்பட்ட இடம்? அங்கே சூ லுக்அவுட் மருத்துவமனையில் ஓராண்டு வேலைக்குப் போனால் என் வாக்கு எங்கே?"

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் கணக்கு.

உங்கள் கணக்கில் பிழை இல்லை. 2016 குடிசனக் கணக்கெடுப்பின்படி கீவேட்டினூங்கில் 32,987 பேர். அதே கணக்கெடுப்பில் ஒன்ராறியோவின் மொத்த மக்களை 124 தொகுதிகளுக்குப் பங்கிட்டால் ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 108,000 வரும். மூன்றில் ஒரு பங்கேதான். ஆனால் இன்னோர் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: தொகுதியின் பரப்பு ஏறத்தாழ 294,000 சதுர கிலோமீட்டர். ஒன்ராறியோவின் மொத்தப் பரப்பில் கால் பங்குக்கும் மேல். ரொறன்ரோ மாநகரம் முழுவதுமே சுமார் 630 சதுர கிலோமீட்டர். அதற்குள் 25 தொகுதிகள், ஸ்காபரோவுக்கு மட்டும் 6. ஸ்காபரோவில் ஓர் உறுப்பினர் காலையில் புறப்பட்டுத் தொகுதியின் நான்கு மூலையையும் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். கீவேட்டினூங் உறுப்பினர் தன் தொகுதியின் பெரும்பாலான ஊர்களுக்குக் காரில் போகவே முடியாது. ஆண்டில் பத்து மாதம் அங்கே பாதை கிடையாது.

இந்தத் தொகுதி தானாக உருவாகவில்லை. வேண்டுமென்றே செய்த ஒரு விதிவிலக்கு இது. ஒன்ராறியோவின் தெற்கில் மாகாணத் தொகுதிகள் 2025க்கு முன்பிருந்த கூட்டாட்சித் தொகுதிகளின் எல்லையைப் பின்பற்றுகின்றன, அவை 111. வடக்கில் மட்டும் மக்கள்தொகை குறைந்தாலும் இருக்கைகள் குறையக் கூடாது என்று 2005 சட்டத்தில் 11 தொகுதிகளைத் தனியாக நிறுத்தி வைத்தார்கள். அந்த 11இல் இரண்டு மிகப் பெரியவை: கெனோரா-ரெய்னி ரிவர், டிம்மின்ஸ்-ஜேம்ஸ் பே. முதலாவதில் அமெரிக்க எல்லையோரத்துக் காகித ஆலை நகரங்களும் ஹட்சன் குடாக் கரையில் உள்ள முதற்குடி (First Nations, கனடாவின் பூர்வகுடிகள்) ஊர்களும் ஒரே உறுப்பினரின் கீழ் இருந்தன. வாக்குகள் நெடுஞ்சாலையோரத்தில் இருந்ததால் பிரசாரமும் அங்கேதான் நடந்தது. வடக்கே இருந்தவர்கள் தேர்தலில் எண்ணிக்கைக்கு மட்டும் பயன்பட்டார்கள் என்றால் மிகையில்லை.

தொலைவடக்குக்கென அமைக்கப்பட்ட எல்லை ஆணையம் 2017இல் இந்த இரண்டையும் நான்காகப் பிரிக்கச் சொன்னது. அந்த ஆண்டே சட்டம் நிறைவேறியது. 2018 தேர்தலில் மாகாண இருக்கைகள் 124 ஆயின. புதிதாக வந்தவை கீவேட்டினூங், மஷ்கேகோவுக்-ஜேம்ஸ் பே. இரண்டாவதில் பெரும்பான்மை பிரெஞ்சு மொழியினர். கீவேட்டினூங்கில் 68 சதவீதம் முதற்குடியினர்; ஒன்ராறியோவில் முதற்குடியினர் பெரும்பான்மையாக உள்ள ஒரே தொகுதி அதுதான். பெயருக்கு ஒஜிப்வே மொழியில் வடக்கில், வடக்குத் திசையில் என்று பொருள்.

இது அரசமைப்புக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு விடை முன்பே இருக்கிறது. சஸ்காச்சுவான் மாகாண எல்லைகள் பற்றிய வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் 1991இல் சொன்னது: கனடாவின் உரிமைகள் சாசனம் காக்கும் வாக்குரிமை ஒவ்வொரு வாக்குக்கும் ஒரே எடை தருவது அல்ல, பயனுள்ள பிரதிநிதித்துவம் தருவது. எண்ணிக்கைச் சமன் முதல் அளவுகோல். ஆனால் நிலப்பரப்பு, சமூக வரலாறு, சமூக நலன், சிறுபான்மையினரின் இடம் ஆகியவற்றுக்காக அதிலிருந்து விலகலாம். பொதுவாகச் சராசரியிலிருந்து 25 சதவீதம் வரை விலகுவதைப் பல மாகாணங்கள் ஏற்கின்றன. கீவேட்டினூங் ஏறத்தாழ 70 சதவீதம் விலகி நிற்கிறது. இது மிக அதிகம் என்று வாதிடுவோர் உண்டு. என் பார்வையில் விலகல் நியாயமானது. ஆனால் காரணம் பரப்பு மட்டும் என்றால் வாதம் பலவீனம்: நிலம் வாக்களிப்பதில்லை. உண்மையான காரணம், மாகாண முதற்குடியினருக்கு ஒன்ராறியோத் தேர்தலில் வாக்குரிமை கிடைத்ததே 1954இல்தான் என்பதும், அதன் பிறகும் அறுபது ஆண்டுகளுக்கு அந்த வாக்குகள் ஓரிடத்தில் சேராமல் பெரிய தொகுதிகளுக்குள் கரைந்துபோயின என்பதும்.

இனி இடம்.

தொகுதியை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் தெளிவாகும்: தார்ச்சாலை எட்டும் தெற்கு விளிம்பு, எட்டாத மீதி. தெற்கு விளிம்பில் சூ லுக்அவுட் (2021இல் ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவு), ரெட் லேக் (நாலாயிரத்துச் சொச்சம்), இயர் ஃபால்ஸ், பிக்கிள் லேக். டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலை 17இல் டினோர்விக் என்ற இடத்தில் திரும்பி 72ஆம் சாலையில் போனால் சூ லுக்அவுட். வெர்மிலியன் பேயில் திரும்பி 105இல் போனால் இயர் ஃபால்ஸ் வழியாக ரெட் லேக். இக்னேஸில் திரும்பி 599இல் போனால் பிக்கிள் லேக். மாகாண நெடுஞ்சாலைகளில் வடக்கே மிகத் தொலைவு போவது இதுதான். அதற்கப்பால் கொஞ்ச தூரம் சரளைப் பாதை, பிறகு ஒன்றுமில்லை. ரொறன்ரோவிலிருந்து சூ லுக்அவுட்டுக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர், வினிபெக்கிலிருந்து நானூற்றைம்பதுக்குள். அங்குள்ளவர்களுக்குப் பெருநகரம் என்றால் வினிபெக் அல்லது தண்டர் பே. ரொறன்ரோ என்பது சட்டம் வரும் திசை.

ரெட் லேக் தங்க ஊர். 1920களின் நடுவில் தங்கம் கண்டுபிடித்த செய்தி பரவி 1926இல் கூட்டம் அலைமோதியது. பாதை இல்லாததால் ஆட்களும் இயந்திரங்களும் நாய் வண்டியிலும் சிறு விமானங்களிலும்தான் வந்து சேர்ந்தன. சுரங்கம் இன்றும் ஓடுகிறது. சூ லுக்அவுட் ரயில் ஊராகப் பிறந்து, இன்று மருத்துவமனையும் விமான நிலையமும் நடத்தும் ஊராக மாறிவிட்டது. நீங்கள் கேட்கும் மேனோ யா வின் மருத்துவமனை 2010இல் இப்போதைய கட்டடத்துக்கு வந்தது. வடக்கே ஏறத்தாழ முப்பது முதற்குடி ஊர்களுக்கு அதுதான் மருத்துவமனை. பிரசவத்துக்கும் பல்வலிக்கும் ஸ்கானுக்கும் விமானம் ஏறி வருவார்கள். நோயாளி வருவது ஒரு காரியம் என்றால் அவர் திரும்பிப் போவது இன்னொரு காரியம்: மூடுபனி இறங்கினால் விமானம் ரத்து, துணைக்கு வந்தவருக்கும் சேர்த்துத் தங்கும் விடுதியில் இடம் வேண்டும். அங்கே வேலை செய்வோர் நோயாளியை விடுவிக்கும் நாளை வானிலை அறிக்கையோடு சேர்த்துத் திட்டமிடுவதற்குக் காரணம் இதுதான்.

சூ லுக்அவுட்டுக்கு அருகிலுள்ள பெரிய ஏரி லாக் சூல். அதன் கதையை அறியாமல் அந்த ஊரின் அரசியல் புரியாது. வினிபெக்குக்கு மின்சாரம் தருவதற்காக 1929இல் இயர் ஃபால்ஸில் அணை கட்டி ஏரியின் நீர்மட்டத்தை உயர்த்தினார்கள். லாக் சூல் முதற்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட ரிசேர்வ் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மூழ்கியது. வீடுகள், வைக்கோல் நிலங்கள், இடுகாடுகள் போயின. ஒரு குடியிருப்பு தீவாகிவிட்டது. முறையாக நிலம் எடுக்கப்படவும் இல்லை, சம்மதம் கேட்கப்படவும் இல்லை. 2021இல் சவுத்விண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், அன்றைய நிலவிலையைக் கொடுத்தால் போதாது, மின்னுற்பத்திக்குப் பயன்பட்ட நிலமாக அதன் மதிப்பைக் கணக்கிட வேண்டும் என்று தீர்ப்பளித்து இழப்பீட்டை மறுமதிப்பீடு செய்யச் சொன்னது. 92 ஆண்டுகள்.

தார்ச்சாலைக்கு அப்பால்தான் தொகுதியின் உடல் கிடக்கிறது. சாண்டி லேக், பிகாஞ்சிகம், டீர் லேக், கிங்ஃபிஷர் லேக், கிச்சனுமேகூசிப் இனினுவக், வெபிக்வே, நெஸ்காண்டகா, ஹட்சன் குடாவை ஒட்டிய ஃபோர்ட் செவர்ன் என்று இரண்டு டசனுக்கும் மேல் ஊர்கள். சில நூறு பேர் உள்ளவை பல. சில ஆயிரம் பேர் உள்ளவை சில. பெரும்பாலானவற்றில் மாகாணப் போக்குவரத்து அமைச்சு பராமரிக்கும் சரளை ஓடுதளம், பெரும்பாலும் 3,500 அடி நீளம். இந்த நீளமும் சரளையும் எந்த விமானம் இறங்கலாம் என்பதை முடிவுசெய்துவிடுகின்றன: பிலாட்டஸ், செஸ்னா காரவான், டாஷ் 8 போன்றவை. சாதாரண ஜெட் இறங்காது. ஆகவே பால், டயப்பர், ஆணி எல்லாவற்றின் விலையிலும் ஒரு சிறு விமானத்தின் எரிபொருள் செலவு ஒளிந்திருக்கிறது.

விமானத்தில் ஏற்ற முடியாதவை டீசல், மரப்பலகை, சிமெந்து, டிரக், வீடு கட்டும் முழுச் சட்டகம். இவற்றுக்குக் குளிர்காலப் பாதைதான் வழி. மாகாணத்தின் தொலைவடக்கில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டருக்கு ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பாதை போடுகிறார்கள்; சதுப்பு நிலம் உறைந்ததும் அதன்மேலும், ஏரிகள் உறைந்ததும் அவற்றின்மேலும். நல்ல ஆண்டில் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை ஓடும். மாகாணம் பணம் கொடுக்கும். போடுவதும் காப்பதும் முதற்குடி ஊர்களே.

இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தொகுதியின் வரவுசெலவு, வீட்டுத் திட்டம், தேர்தல் எல்லாமே இந்த வேலையில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. பனி விழுந்ததும் அது போர்வையாகிவிடும். கீழே உள்ள தண்ணீர் மெதுவாகவே உறையும். எனவே முதல் வேலை, ஆள் நிற்கும் அளவுக்குப் பனிக்கட்டி தடித்தவுடன் ஸ்னோமொபைலால் மேலேயுள்ள பனியை அழுத்துவது, பிறகு இலேசான இயந்திரங்களால் வழித்துத் தள்ளுவது. குளிர் நேரடியாகக் கட்டியைத் தொட வேண்டும். தேவைப்படும் இடத்தில் துளையிட்டுத் தண்ணீரை மேலே பாய்ச்சி அடுக்கடுக்காக உறைய விடுவார்கள். தடிப்பைத் துளையிட்டு அளந்து, சுமையைக் கணக்கிடுவார்கள். கனடாவில் வழக்கமான எளிய சூத்திரம்: தடிப்பைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, பிறகு 4ஆல் பெருக்கினால் தாங்கும் எடை கிலோகிராமில் கிடைக்கும். 40 சென்டிமீட்டருக்கு 6,400 கிலோ. 100 சென்டிமீட்டருக்கு 40,000 கிலோ. அதாவது சிறு டிரக்குக்குப் போதுமான ஏரி டீசல் தாங்கி வண்டிக்குப் போதாது. முழுச் சுமை வண்டிக்கு ஒரு மீட்டர் அளவு வேண்டும்.

இதில் வழுக்கும் இடம் கட்டியின் நிறம். தெளிந்த நீலக் கட்டிக்குத்தான் மேற்சொன்ன கணக்கு. பனியும் நீரும் கலந்து உறைந்த வெள்ளைக் கட்டிக்குப் பாதி பலம் என்று எடுக்க வேண்டும். 60 சென்டிமீட்டரில் மேல் 20 வெள்ளை என்றால் கணக்கில் அது 50தான்: 14,400 கிலோ என்று நினைத்தது 10,000 ஆகிவிடும். வேகமும் ஆபத்து. வண்டி போகும்போது கட்டிக்குக் கீழே நீரில் அலை எழும். வண்டியின் வேகமும் அலையின் வேகமும் ஒத்துப்போனால் கட்டி வெடிக்கும். கரையை நெருங்கும்போது அந்த அலை திரும்பி அடிக்கும். அதனால்தான் மெதுவாக, வண்டிக்கு வண்டி இடைவெளி விட்டு, கரையைச் சாய்வாகக் கடக்கிறார்கள். ஏரி நடுவில் கனரக வண்டியை நீண்ட நேரம் நிறுத்துவதும் கூடாது. நிற்கும் சுமையின் கீழ் கட்டி மெல்ல மெல்ல வளையும்.

குளிர்காலம் இளகினால் என்ன ஆகும் என்பதற்கு 2024 எடுத்துக்காட்டு. அந்தப் பெப்ரவரியில் பாதைகள் முழுச் சுமைக்குத் திறக்க முடியாமல் போக, வடக்கின் 49 முதற்குடிச் சமூகங்களைக் கொண்ட நிஷ்ணாபி அஸ்கி நேஷன் அவசரநிலை அறிவித்தது. அரைச் சுமை வண்டி என்றால் டீசலுக்கு இரண்டு மடங்கு பயணம். பாதை மூடினால் டீசல் விமானத்தில் வர வேண்டும், செலவு பன்மடங்கு. மரப்பலகை வராவிட்டால் அந்தக் கோடையில் வீடு கட்டப்படாது. அடுத்த வாய்ப்பு ஓராண்டு கழித்து. ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள் இருக்கும் ஊர்களில் இது சும்மா தாமதம் அல்ல.

டீசல் பற்றிப் பேசியதால் மின்சாரம். பல ஊர்கள் பல பத்தாண்டுகள் டீசல் மின்னாக்கிகளில் ஓடின. இயந்திரம் உச்சத் திறனைத் தொட்டுவிட்டால் புதிய வீட்டுக்கு இணைப்பு கொடுக்க முடியாது. கட்டிய வீடும் இருட்டில் கிடக்கும். இதற்கு விடையாக வந்தது வட்டாய்னிகானேயாப் மின்தடத் திட்டம். 24 முதற்குடிச் சமூகங்கள் 51 சதவீத உரிமை வைத்திருக்க, மீதி ஃபோர்டிஸ் நிறுவனமும் மற்ற முதலீட்டாளர்களும். ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் கம்பி. பிகாஞ்சிகம் 2018 டிசம்பரில் முதலில் இணைந்தது. மற்றவை 2024 வரை படிப்படியாக. அண்மைக் காலத்தில் இந்தத் தொகுதியில் நடந்த மிகப் பெரிய நல்ல காரியம் எதுவென்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். அதிலும் உரிமை ஊர்களின் கையில் இருப்பதை முதலில் சொல்வேன்.

தண்ணீரில் அந்தப் பெருமை இல்லை. நெஸ்காண்டகாவில் 1995 பெப்ரவரியிலிருந்து குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்ற அறிவிப்பு. கனடாவில் மிக நீண்டது அது. 2020 அக்டோபரில் தண்ணீர்த் தொட்டியில் எண்ணெய்ப் படலம் தெரிந்து குழாயே மூடப்பட, ஊர் மக்களைத் தண்டர் பே ஹோட்டல்களுக்கு அனுப்பினார்கள். இதைச் சரிசெய்ய மாகாண உறுப்பினரால் என்ன முடியும் என்று கேட்டால், சட்டப்படி மிகக் குறைவு. ரிசேர்வில் குடிநீர், பள்ளி, அடிப்படை மருத்துவம் கூட்டாட்சி அரசின் பொறுப்பு. நெடுஞ்சாலை, குளிர்காலப் பாதைக்கான பணம், விமானத்தளம், நோயாளர் விமானம், மருத்துவமனை, காட்டுத்தீ அணைப்பு, வனம், சுரங்க உரிமம் ஆகியவை மாகாணத்தினுடையவை. காவலுக்கு இரண்டு அரசும் பங்கு போடுகின்றன. சட்டமன்றத்தில் தண்ணீரைப் பற்றிக் கேட்டால் "அது ஒட்டாவா" என்பார்கள். ஒட்டாவாவில் நிலத்தைப் பற்றிக் கேட்டால் "அது மாகாணம்" என்பார்கள். இந்தப் பந்தை உதைப்பதுதான் தொகுதியின் நிரந்தர அரசியல்.

ஒரு விஷயத்தில் மாகாணம் தப்பிக்க முடியாது. தொகுதியின் பெரும்பகுதி 1905-06இலும் பிறகு 1929-30இலும் முதற்குடியினரோடு அரசு கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9இன் நிலம். தெற்கில் ஒப்பந்தம் 3, மேற்கில் ஒப்பந்தம் 5. எண்ணிட்ட ஒப்பந்தங்களில் மாகாண அரசும் ஒரு தரப்பாகக் கையெழுத்திட்டது 9இல்தான். அதனால்தான் ரிங் ஆஃப் ஃபயர் எனப்படும் குரோமைட், நிக்கல் படிவங்களுக்குப் பாதை போடும் பேச்சு வரும்போதெல்லாம் ஒப்பந்தம் 9 முன்னுக்கு வருகிறது. இதில் எல்லா ஊர்களும் ஒரே பக்கம் நிற்பதாக எண்ண வேண்டாம். வெபிக்வே தன் பாதைத் திட்டத்தைத் தானே முன்னெடுக்கிறது. பக்கத்திலுள்ள நெஸ்காண்டகா கடுமையாக எதிர்க்கிறது. சிறப்புப் பொருளாதார வலயங்களில் மாகாணச் சட்டங்களைத் தளர்த்த அரசுக்கு அதிகாரம் தரும் மசோதா 5, 2025 ஜூனில் நிறைவேறியபோது இந்தத் தொகுதி உறுப்பினர் அதை எதிர்த்தவர்களில் முன்னே நின்றார்.

அவர் சோல் மமாக்வா. கிங்ஃபிஷர் லேக்கைச் சேர்ந்தவர், புதிய ஜனநாயகக் கட்சி. 2018இல் லாக் சூல் தலைவராக இருந்த கிளிஃபர்ட் புல் பழமைவாதக் கட்சிக்காகவும், சூ லுக்அவுட் மேயர் டக் லாரன்ஸ் லிபரல் கட்சிக்காகவும் நிற்க, இவர் வென்றார். 2022, 2025இலும் வென்றார். 2018 போட்டியைக் கவனியுங்கள்: முதற்குடித் தலைவர் ஒருவர் பழமைவாதக் கட்சி வேட்பாளர். சுரங்கமும் மரமும் வேலை தரும் இடத்தில் அதில் வியப்பில்லை. முதற்குடிப் பெரும்பான்மை என்றால் எல்லா வாக்கும் ஒரே பெட்டி என்று தெற்கில் போடும் கணக்கு அங்கே எடுபடாது.

2024 மே 28 அன்று மமாக்வா சட்டமன்றத்தில் தன் தாய்மொழியான அனிஷினினீமோவினில், அதாவது ஓஜி-கிரீயில் பேசினார். அதற்குமுன் அவையில் ஆங்கிலமும் பிரெஞ்சும் மட்டுமே. அந்த ஆண்டு மார்ச்சில் விதியை மாற்றியிருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர்களை வரவழைத்து, பேச்சு அவைக் குறிப்பில் அந்த மொழியின் எழுத்திலேயே பதிவானது. சூ லுக்அவுட்டில் முதியோர் பராமரிப்புப் படுக்கைகள் எப்போது வரும் என்று அதே மொழியில் அவர் கேட்க, முதல்வர் டக் ஃபோர்ட் கட்டித் தருவதாக அவையிலேயே அறிவித்தார். பல ஆண்டுகளாக ஆங்கிலத்தில் கேட்ட கேள்வி அது.

அந்த எழுத்தைப் பற்றித் தமிழர்களுக்கென ஒரு சின்னக் குறிப்பு. கிரீ, ஓஜி-கிரீ எழுத்தில் ஒரு மெய்க்கு ஒரு வடிவம். உயிர் மாறும்போது வடிவம் மாறாது, திரும்பும். மேல் நோக்கினால் ஓர் உயிர், வலம் நோக்கினால் இன்னோர் உயிர். நம் உயிர்மெய்யில் கொம்பும் சுழியும் செய்யும் வேலையை அங்கே திசை செய்கிறது. சூ லுக்அவுட் மருத்துவமனைப் பலகைகளில் அதை நீங்கள் பார்ப்பீர்கள்.

தேர்தல் நடத்துவது எப்படி? 2018, 2022 ஒன்ராறியோத் தேர்தல்கள் ஜூனில் நடந்தன. அப்போது குளிர்காலப் பாதை கரைந்திருக்கும். வேட்பாளருக்கும் வாக்குப்பெட்டிக்கும் விமானம்தான். காட்டுத்தீக் காலமும் அதுவே: 2019 கோடையில் பிகாஞ்சிகத்தையும், 2021இல் டீர் லேக், பாப்லர் ஹில் உள்ளிட்ட ஊர்களையும் காலிசெய்ய வேண்டியிருந்தது. 2025இல் திடீர்த் தேர்தல் பெப்ரவரி 27 அன்று வந்தது. குளிர் கடுமை, ஆனால் பாதை இருக்கும் காலம். எது மேல் என்று முடிவாகச் சொல்ல முடியாது.

வேட்பாளரின் பெரிய தலைவலி செலவு வரம்பு. அது தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்படுவது. வடக்குத் தொகுதிகளுக்குச் சட்டம் கொஞ்சம் கூட்டித் தருகிறது; ஆனாலும் வாக்காளர் குறைவான இடத்தில் வரம்பு குறைவு, பயணச் செலவோ மாகாணத்திலேயே அதிகம். ஒரு விமானத்தை வாடகைக்கு எடுத்தால் ஒரு நாளில் பகல் வெளிச்சத்துக்குள் மூன்று நான்கு ஊர்களைத் தொடலாம். நடுவில் ஓர் ஊரில் மூடுபனி என்றால் மீதித் திட்டமும் சரிந்துவிடும். ஆகவே உள்ளூர் வானொலி, முகநூல் நேரலை, ஊரவையின் தொலைபேசி ஆகியவைதான் உண்மையான மேடை. மூன்று தேர்தல்களில் எதிலும் பதிவான மொத்த வாக்குகள் ஏழாயிரத்தை எட்டவில்லை. இதை அக்கறையின்மை என்று படிப்பது அவசரம். தெருப் பெயரும் வீட்டு எண்ணும் இல்லாமல் அஞ்சல் பெட்டி எண்ணே முகவரியான ஊர்களில் வாக்காளர் பட்டியல் எளிதில் பழுதாகும். அடையாளத்துக்கு முகவரியும் வேண்டும். ஊரவை தரும் ஆவணத்தைத் தேர்தல் அலுவலகம் ஏற்கும் என்பதைத் தெரியாமல் திரும்பிப் போனவர்களும் உண்டு.

பெயரில் ஒரு குழப்பம் வரும், இப்போதே தெளிவாக்கிவிடுகிறேன். 2025 முதல் கூட்டாட்சித் தொகுதி ஒன்றுக்குக் கெனோரா-கீவேட்டினூங் என்று பெயர். அது வேறு, கெனோரா, டிரைடன் நகரங்களையும் சேர்த்தது. அங்கே எம்.பி. பழமைவாதக் கட்சியின் எரிக் மெலிலோ. செய்தியில் "கீவேட்டினூங்" என்று பார்த்தால் மாகாணமா கூட்டாட்சியா என்று முதலில் பாருங்கள். பிரச்சினை எந்த அரசின் பொறுப்பு என்பதும் அதில் தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் வாக்கு. ஒன்ராறியோச் சட்டத்தில் முக்கியம், நீங்கள் வெளியே போனாலும் திரும்பி வர நினைக்கும் இருப்பிடம் எது என்பது. குடும்பமும் வீடும் ஸ்காபரோவில், ஓராண்டு முடிந்ததும் திரும்புவேன் என்றால் நீங்கள் ஸ்காபரோ வாக்காளர். வாடகை வீடு எடுத்து, முகவரியை மாற்றி, அங்கேயே இருக்க முடிவுசெய்தால் கீவேட்டினூங் வாக்காளர். சாரதி அனுமதிப்பத்திர முகவரியை இடம் மாறிய 6 நாட்களுக்குள் மாற்ற வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். பட்டியல் புதுப்பிக்க அதுவும் உதவும்.

ஸ்காபரோ வாக்காளராக அங்கிருந்து வாக்களிப்பதென்றால் அஞ்சல் வாக்கு. விண்ணப்பம் வாக்களிப்பு நாளுக்கு 6 நாள் முன்பு மாலை 6 மணியோடு மூடும். நிரப்பிய உறை வாக்களிப்பு நாள் மாலை 6 மணிக்குள் தேர்தல் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அனுப்பினால் மட்டும் போதாது. வடக்கிலிருந்து கடிதம் போகும் வேகத்தை நினைத்து, தேர்தல் அறிவித்த வாரமே விண்ணப்பியுங்கள். கடைசி நாளில் விண்ணப்பித்தவரின் உறைதான் பெரும்பாலும் நேரத்துக்குச் சேராமல் போவது.

அங்குள்ள வாக்காளராகப் போட்டால் நேரத்தைக் கவனியுங்கள். சூ லுக்அவுட் மத்திய நேர வலயத்தில், ரொறன்ரோவுக்கு ஒரு மணி நேரம் பின்னால். ரொறன்ரோவில் காலை 9 முதல் இரவு 9 வரை என்றால் அங்கே 8 முதல் 8 வரை. நேர எல்லை தொகுதியின் குறுக்கே ஓடுவதால், கிழக்கே ஓர் ஊரிலிருக்கும் சக ஊழியர் சொல்லும் மணியை அப்படியே நம்பி இரவு எட்டரைக்குப் போனால் கதவு பூட்டியிருக்கும்.